காலனி அரசு ஊழியர்களின் பென்சனும் நஷ்டஈடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓய்வூதியர் சங்கக் கூட்டங்களில் நிர்வாக வரலாறு பற்றிப் பேசிவிட்டு இறங்கினால், நான்கைந்து பேராவது பிடித்துக்கொள்கிறார்கள். வெள்ளைக்காரன் போனபோது அவனுடைய பென்சனை யார் கொடுத்தது என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. பெரும்பகுதி பிரிட்டிஷ் ஆட்சி பற்றியது. பிரான்சும் நெதர்லாந்தும் வர வேண்டிய இடத்தில் வரும்.

வெள்ளைக்கார கலெக்டர் என்றால் சம்பளம், பென்சன் எல்லாம் லண்டனிலிருந்துதானே வந்திருக்கும்?

இல்லை. இதைப் புரிந்துகொண்டால் மற்ற பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகக் கிடைத்துவிடும். ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது லண்டன். சம்பளம் கொடுத்தது அவர் வேலை பார்த்த நாட்டின் கஜானா. சென்னை மாகாணத்துக் கலெக்டருக்கு இந்திய வரிப்பணம், நைஜீரியாவின் மாவட்ட அதிகாரிக்கு நைஜீரிய வரிப்பணம். பென்சனும் அப்படியே. அவர் இங்கிலாந்துக்குத் திரும்பி ஒரு கடலோர ஊரில் குடியிருந்தாலும், மாதாமாதம் அவர் வாங்கியது இந்தியாவோ நைஜீரியாவோ கட்டிய பணம்.

ஐ.சி.எஸ். (இந்திய சிவில் சர்வீஸ்) அதிகாரிகளுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. 25 ஆண்டுப் பணி முடித்தால், அதில் 21 ஆண்டு உண்மையில் வேலை பார்த்திருந்தால், ஆண்டுக்கு 1,000 பவுண்டு. கடைசிவரை மாவட்டத்திலேயே இருந்தவருக்கும் அதே 1,000, தலைமைச் செயலகத்தில் உச்சிக்குப் போனவருக்கும் அதே 1,000.

பென்சன் வேறு, நஷ்டஈடு வேறா? இரண்டையும் சேர்த்தே பேசுகிறார்களே?

வேறுதான். பென்சன் என்பது ஏற்கெனவே பார்த்த வேலைக்கான பாக்கி. நஷ்டஈடு என்பது இனிமேல் பார்க்க முடியாமல் போன வேலைக்கானது. முப்பத்தைந்து வயதில் ஒருவர், இன்னும் இருபது வருடம் வேலை இருக்கும், பதவி உயரும் என்று நம்பி குடும்பத்தோடு வந்திருக்கிறார். நாடு விடுதலை ஆகிறது, அவருடைய இடத்துக்கு உள்ளூர்க்காரர் வருகிறார். அந்த இருபது வருடத்துக்கு ஈடாகத் தந்த மொத்தத் தொகைதான் நஷ்டஈடு. அதை வாங்கியவருக்கு, அதுவரை பார்த்த வேலைக்குரிய விகிதாசாரப் பென்சனும் கிடைத்தது.

விகிதாசாரப் பென்சன் என்ற ஏற்பாடு 1947-க்கு முன்பே இருந்தது. 1919 சீர்திருத்தத்துக்குப் பிறகு, இந்திய அமைச்சர்களின் கீழ் வேலை பார்க்க விரும்பாத அதிகாரிகள் முன்கூட்டியே விலகிப் போக அந்த வழி திறந்துவிடப்பட்டது.

நம்மை ஆண்டதற்கு அவர்களுக்கு நஷ்டஈடு வேறா? இது நியாயமா?

இந்தக் கேள்வியில் இருக்கும் கோபம் எனக்குப் புரிகிறது. அதே கோபம் அக்ராவிலும் லாகோஸிலும் நைரோபியிலும் இருந்தது. ஆனால் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு நிலஅளவைக்காரரோ செவிலியரோ தன் உழைப்புக்கு வாக்களிக்கப்பட்டதைக் கேட்பது நியாயம். அதை யார் கொடுக்க வேண்டும் என்பது தனிக் கேள்வி. வாக்குக் கொடுத்து அழைத்து வந்தது பிரிட்டன், ஆகவே பிரிட்டன்தான் முழுவதும் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. பல காலனிகளில் அந்தச் சுமை புதிதாகப் பிறந்த நாட்டின் தலையில் விழுந்தது. அதுதான் அநியாயம்.

பென்சன் என்றால் உரிமைதானே? அதற்கு ஏன் இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேச வேண்டும்?

அன்றைய சட்டப்படி அது முழு உரிமை ஆகவில்லை. பிரிட்டிஷ் காலனிகளின் பென்சன் சட்டங்களில் ஒரே மாதிரியான ஒரு வரி இருக்கும்: எந்த அதிகாரிக்கும் பென்சனில் அறுதியான உரிமை கிடையாது. நடைமுறையில் எல்லோருக்கும் கொடுத்தார்கள். ஆளுநரும் லண்டனும் மேலே இருந்தவரை யாரும் அந்த வரியைப் பற்றிக் கவலைப்படவில்லை. விடுதலைக்கு நாள் குறித்ததும்தான் பயம் வந்தது. நாளைக்கு வரும் பாராளுமன்றம் அந்த வரியைக் காட்டிக் கைவிரித்துவிட்டால்?

அதனால்தான் கைமாறும்போது இரண்டு காகிதங்களை வாங்கிக்கொள்வது பிரிட்டனின் வழக்கமானது. ஒன்று, புதிய அரசியல் சட்டத்திலேயே பென்சனைக் காப்பாற்றும் ஒரு பிரிவு. மற்றொன்று, பொது அலுவலர் ஒப்பந்தம் என்ற பெயரில் இரு அரசுகளும் கையெழுத்திடும் உடன்படிக்கை. சேவை நிபந்தனைகள் குறையாது, விலக விரும்பினால் விலகலாம், பென்சன் தவறாமல் வரும் என்பவை அதன் சாரம். இந்தியாவில் பென்சன் கருணைத் தொகை அல்ல, உரிமை என்பதை உச்ச நீதிமன்றம் நகாரா வழக்கில் அழுத்தமாகச் சொன்னது 1982 டிசம்பர் 17-இல். அந்தத் தேதியில்தான் இன்றும் ஓய்வூதியர் தினம் கொண்டாடுகிறோம்.

1947-இல் நம்ம ஊர் ஐ.சி.எஸ். அதிகாரிகளுக்கும் நஷ்டஈடு கிடைத்ததா?

பொதுவாக இல்லை. விடுதலை நேரத்தில் ஐ.சி.எஸ்.ஸில் ஆயிரம் பேருக்குச் சற்றுக் குறைவாக இருந்தார்கள். அவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் ஐரோப்பியர். 1947 ஏப்ரல் 30 அன்று நஷ்டஈட்டு ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. ஐரோப்பிய அதிகாரிகளுக்கான தொகையைப் பிரிட்டன் ஏற்றது. இந்திய அதிகாரிகள் விஷயத்தில் உள்துறையைப் பார்த்துக்கொண்டிருந்த வல்லபபாய் படேல் பிடிகொடுக்கவில்லை. சொந்த நாட்டு அரசில் அதே வேலையைத் தொடரப் போகிறவர்களுக்கு என்ன நஷ்டம் என்பது அவர் வாதம். பழைய சம்பளம், விடுப்பு, பென்சன் எதுவும் குறையாது என்ற உறுதியைக் கொடுத்தார். தக்க காரணத்தோடு தொடர முடியாதவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு வைக்கப்பட்டது.

படேல் செய்தது சரி என்றே நினைக்கிறேன். பணம் கொடுத்து அனுப்பியிருந்தால், பிரிவினைக் கலவரத்தின் நடுவே மாவட்டங்களைப் பார்க்க அனுபவமுள்ள ஆள் இருந்திருக்காது.

அந்த உறுதிமொழி என்ன ஆயிற்று? காப்பாற்றினார்களா?

அரசியல் சட்டத்தில் 314-ஆவது பிரிவாக அது ஏறியது. 1949 அக்டோபரில் அரசியல் நிர்ணய சபையில் இதற்கு எதிர்ப்பு எழுந்தது. படேல் எழுந்து, கொடுத்த வாக்கை மீறினால் இந்த நாட்டை நடத்த ஆள் இருக்காது என்று கடுமையாகவே வாதாடினார்.

இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேல் அது நின்றது. 1972-இல் 28-ஆவது திருத்தம் 314-ஐ நீக்கி, 312அ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. அந்த அதிகாரிகளின் சேவை நிபந்தனைகளைப் பாராளுமன்றம் மாற்றலாம் என்றாகிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கு அரசு கொடுத்துவந்த மானியம் ஒழிந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மானியம் பிறப்பால் வந்தது, பென்சன் வேலை பார்த்து வந்தது.

வெள்ளைக்காரர்களின் பென்சனை இந்தியா மொத்தமாகக் கட்டித் தீர்த்தது என்கிறார்களே, உண்மையா? எவ்வளவு?

உண்மை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்காக இந்தியா செலவழித்த பணம் லண்டனில் கணக்கில் சேர்ந்துகொண்டே வந்தது. ஸ்டெர்லிங் இருப்பு என்பார்கள். விடுதலையின்போது அது 100 கோடி பவுண்டுக்கு மேல். அதாவது, பிரிட்டன்தான் நமக்குக் கடன்காரன். 1948 ஜூலையில் அந்தப் பாக்கியைப் பற்றிப் பேச நிதியமைச்சர் ஆர். கே. சண்முகம் செட்டியார் லண்டன் போனார். கோவைக்காரர். எதிரில் பிரிட்டிஷ் நிதியமைச்சர் ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ்.

ஓய்வு பெற்றுப் போன பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு இந்தியா ஆண்டுதோறும் பவுண்டில் பென்சன் அனுப்ப வேண்டியிருந்தது. அதற்கு ஈடாக, இருப்பிலிருந்து ஒரு பெரிய தொகையைப் பிரிட்டனிடம் ஒரேயடியாகக் கொடுத்து, 60 ஆண்டுக்கு ஆண்டுத்தொகை வாங்கிக்கொள்வது என்று முடிவாயிற்று. மத்திய அரசின் பென்சன்களுக்கு 14.75 கோடி பவுண்டு, மாகாணங்களின் பென்சன்களுக்கு 2.05 கோடி பவுண்டு. கூட்டினால் 16.8 கோடி பவுண்டு, அன்றைய மதிப்பில் 224 கோடி ரூபாய். பென்சனர்கள் வயதாகி மறைய மறையச் செலவு குறையும் அல்லவா? அதற்கேற்ப ஆண்டுத்தொகையும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போகும்படி அமைத்தார்கள். பிறகு 1955-இல் இந்தியா, பாகிஸ்தான், பர்மா பென்சன்களுக்கென்றே பிரிட்டனில் ஒரு சட்டம் வந்து, அந்தப் பென்சனர்களின் பொறுப்பைப் பிரிட்டிஷ் அரசே ஏற்றது.

ஆக, பணம் நம்முடையது, பட்டுவாடா அவர்களுடையது. ஆலைக்கு இயந்திரமும் ஊருக்கு உணவு தானியமும் வாங்க அந்நியச் செலாவணி தேவைப்பட்ட காலம் அது. அந்த 16.8 கோடி பவுண்டு, போர்க்காலத்தில் இங்கே பொருள் பற்றாக்குறையோடும் விலையேற்றத்தோடும் மக்கள் அனுபவித்த கஷ்டத்தில் சேர்ந்தது என்பதை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லாமல் விடுவதில்லை.

இலங்கையிலும் இதே கதைதானா?

கிட்டத்தட்ட. 1947 நவம்பர் 11 அன்று பிரிட்டனும் இலங்கையும் மூன்று ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. பாதுகாப்பு ஒன்று, வெளியுறவு ஒன்று, மூன்றாவது பொது அலுவலர் ஒப்பந்தம். டி. எஸ். சேனநாயக்காவும் ஆளுநர் ஹென்றி மங்க்-மேசன் மூரும் ஒப்பமிட்டார்கள். முதல் இரண்டைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக இருக்கிறது. மூன்றாவதை யாரும் கண்டுகொள்வதில்லை. நாட்டின் பாதுகாப்புக்குச் சமமாக அதிகாரிகளின் பென்சனையும் மேசையில் வைத்தார்கள் என்பதே அது அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டுகிறது.

நஷ்டஈடு கொடுத்ததால்தான் ஆப்பிரிக்காவில் அதிகாரிகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்களாமே?

நைஜீரியாவில் அதுதான் நடந்தது. நஷ்டஈட்டைக் கணக்கிட ஒரு அட்டவணை போட்டார்கள். வயது, பணிக்காலம், சம்பளம் மூன்றையும் வைத்துப் பெருக்குவார்கள். அந்தப் பெருக்குத்தொகை நாற்பது வயதை ஒட்டி உச்சத்துக்குப் போகும், அதற்குமேல் வருடா வருடம் இறங்கும். இப்போது நாற்பத்தொரு வயது அதிகாரியின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். இரண்டு பிள்ளைகள் இங்கிலாந்தில் படிக்கிறார்கள். இன்று விலகினால் இவ்வளவு, அடுத்த வருடம் விலகினால் அதைவிடக் குறைவு. இன்னும் வயதானால் ஊரில் வேறு வேலையும் கிடைக்காது. அவர் கிளம்பாமல் என்ன செய்வார்? நாட்டுக்கு எப்போது அனுபவசாலி மிகவும் தேவையோ, அப்போதுதான் அட்டவணை அவரைக் கையைப் பிடித்து வெளியே அனுப்பியது.

1956-இல் பிரிட்டன் சிறப்புப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் சேர்ந்தால் நீங்கள் பிரிட்டிஷ் அரசின் ஊழியர், நைஜீரியாவுக்கு இரவலாகப் போகிறவர். சேர்ந்தவர்கள் சொற்பம். 1958-இல் பட்டியல் ‘பி’ வந்தது. இதில் நஷ்டஈடு உச்சத்தைத் தொட்டதும் அங்கேயே நிறுத்தி வைக்கப்படும், இறங்காது. அதோடு, அந்தத் தொகையில் 90 சதவீதம் வரை வட்டியில்லாமல் முன்பணமாக வாங்கிக்கொண்டு வேலையிலும் இருக்கலாம். பலர் தங்கினார்கள். ஆனால் பிராந்தியங்களில் ஏற்கெனவே காலியான இடங்கள் காலிதான். முதலிலேயே இப்படி யோசித்திருந்தால் எத்தனையோ மருத்துவமனைகளிலும் பொறியாளர் அலுவலகங்களிலும் ஆள் இருந்திருக்கும்.

அந்த நஷ்டஈட்டையும் ஆப்பிரிக்க நாடுகளே கட்டினவா?

கானாவும் நைஜீரியாவும் தங்கள் கஜானாவிலிருந்தே கொடுத்தன. காரணம் முதல் பதிலில் சொன்னதுதான்: சட்டப்படி முதலாளி காலனி அரசு. அடுத்தடுத்து வந்த கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளால் அது முடியாது என்று தெரிந்ததும், 1961 ஏப்ரலில் தொடங்கிய வெளிநாட்டுப் பணி உதவித் திட்டத்தின் கீழ் நஷ்டஈட்டில் பாதியைப் பிரிட்டன் ஏற்றது. மீதிப் பாதிக்கும் பல இடங்களில் பிரிட்டனிடமே கடன் வாங்க நேர்ந்தது. விடுதலை வாங்கிய கையோடு, போகிறவர்களுக்குக் கொடுக்கக் கடன் பத்திரம் எழுதிக்கொடுத்தார்கள்.

புது நாடு ‘நாங்கள் தர மாட்டோம்’ என்று சொல்லிவிட்டால்?

தான்சானியா சொன்னது. 1968-இல் ஜூலியஸ் நைரேரே அரசு, விடுதலைக்கு முந்தைய பணிக்கான பிரிட்டிஷ் அதிகாரிகளின் பென்சனை இனி கட்ட முடியாது என்றது. எங்களை ஆள நீங்கள் அனுப்பியவர்களுக்கு நாங்கள் ஏன் சாகும்வரை படி அளக்க வேண்டும் என்பதே அதன் சாரம். பிரிட்டன் பதிலுக்குத் தன் உதவியை நிறுத்தியது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் வயதான பென்சனர்கள்.

நைரேரே சொன்னதில் இருந்த நியாயம் கடைசியில் ஜெயித்தது. 1970-இல் பிரிட்டிஷ் அரசு, முன்னாள் காலனிகள் கட்டிவந்த இத்தகைய பென்சன்களைத் தானே ஏற்றுக்கொள்ள முன்வருவதாக அறிவித்தது. 1973-இன் வெளிநாட்டு பென்சன் சட்டம் அதற்கு வழிசெய்தது. நாடு நாடாகப் பேசிக் கைமாற்றினார்கள். விலைவாசிக்கேற்ற உயர்வைப் பிரிட்டன் அதற்கு முன்பிருந்தே தன் பணத்தில் கொடுத்துவந்தது. ஏனென்றால், காலனி நிர்ணயித்த தொகை அப்படியே உறைந்து நின்றால் இங்கிலாந்தில் வாடகைக்குக்கூடக் காணாது.

அப்படியானால் ரொடீஷியாவில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை?

தெற்கு ரொடீஷியா, அதாவது இன்றைய ஜிம்பாப்வே, 1923 முதலே சுயாட்சி பெற்ற காலனி. அங்கே ஊழியர்களை லண்டன் எடுக்கவில்லை, அந்த அரசே எடுத்தது. ஆகவே அவர்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை என்பது பிரிட்டனின் நிலை. அந்த நாட்டின் விடுதலைக்காக 1979-இல் லண்டன் லான்காஸ்டர் ஹவுஸில் நடந்த பேச்சில், ஜிம்பாப்வே அரசியல் சட்டத்திலேயே பென்சனுக்குப் பாதுகாப்பு எழுதப்பட்டது. 2003-இல் பொருளாதாரம் சரிந்தபோது வெளிநாட்டில் இருந்தவர்களுக்குப் பணம் வருவது நின்றது. பிரிட்டிஷ் மேலவையில் பலமுறை கேள்வி எழுந்தும் லண்டன் அசையவில்லை.

பக்கத்து ஜாம்பியாவில், அதாவது பழைய வடக்கு ரொடீஷியாவில், அதே போன்ற வேலை பார்த்தவருக்கு மேலே சொன்ன 1973 சட்டத்தின் கூரை இருந்தது. சாம்பசி ஆற்றுக்கு எந்தக் கரையில் வேலை கிடைத்தது என்பதுதான் வித்தியாசம்.

கிழக்கு ஆப்பிரிக்க ரயில்வேயில் நம்மவர்கள் எவ்வளவோ பேர் இருந்தார்களே, அவர்களுக்கு?

குஜராத்திகள், பஞ்சாபிகள், கோவாக்காரர்கள் என்று ரயில்வேயையும் அலுவலகங்களையும் தாங்கியவர்கள் ஆசியர்கள்தான். ஆனால் அந்தப் பெரிய நஷ்டஈட்டுத் திட்டங்கள், பிரிட்டிஷ் அமைச்சரால் நியமிக்கப்பட்டோ குறிக்கப்பட்டோ இருந்த அதிகாரிகளுக்காக எழுதப்பட்டவை. ஆசிய எழுத்தரும் நிலைய அதிபரும் ‘உள்ளூர் ஊழியர்’ கணக்கில் வந்தார்கள். உள்ளூர்க்காரருக்கு விடுதலையால் வாய்ப்பு கூடும், அதனால் நஷ்டம் இல்லை என்பது விதியின் அடிப்படை. ஆப்பிரிக்கமயமாக்கலில் முதலில் வேலை இழந்தவர்களோ இவர்கள். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் வலிக்கிற பகுதி இதுதான். பேச்சுவார்த்தை மேசையில் இவர்களுக்காக வாதாட ஒரு அரசும் உட்கார்ந்திருக்கவில்லை.

கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே?

போனவர்கள் உண்டு. இலங்கையில் கோடீஸ்வரன் என்ற தமிழ் எழுத்தர், சிங்களத் தேர்வு எழுதாததால் 1962-இல் நிறுத்தப்பட்ட சம்பள உயர்வைக் கேட்டு வழக்குப் போட்டார். மாவட்ட நீதிமன்றத்தில் ஜெயித்தார். அரசு ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மேல் வழக்கே போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் தள்ளியது. 1969-இல், அன்று இலங்கைக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், போடலாம் என்று தீர்ப்பளித்தது. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சட்டம் செல்லுமா என்ற பெரிய கேள்விக்கு மட்டும் கடைசிவரை விடை வரவில்லை. 1972-இல் அரசியல் சட்டமே மாறிவிட்டது.

பிரான்ஸ் 1959-இல் ஒரு சட்டம் போட்டு, முன்னாள் காலனி மக்களின் பென்சனை அப்படியே உறையவைத்தது. அதே வேலை பார்த்த பிரெஞ்சுக்காரருக்கு மட்டும் உயர்ந்துகொண்டே போனது. செனகலைச் சேர்ந்த டியோப் என்பவரின் வழக்கில் 2001-இல் அது பாரபட்சம் என்று தீர்ப்பாகி, 2010-இல் அரசியல் சட்ட மன்றமும் அதையே சொன்னது. நெதர்லாந்தில் இன்னும் தாமதம். கிழக்கிந்தியத் தீவுகளை (இன்றைய இந்தோனேசியாவை) ஜப்பான் பிடித்திருந்த 1942–45 காலச் சம்பள பாக்கிக்காக, அங்கே அரசுப் பணியிலும் படையிலும் இருந்தவர்கள் 70 ஆண்டு காத்திருந்தார்கள். 2015 ஆகஸ்ட் 15 அன்று உயிரோடு இருந்தவர்களுக்கு மட்டும் ஆளுக்கு 25,000 யூரோ.

புதுச்சேரியில் என்ன செய்தார்கள்?

இந்தியாவும் பிரான்சும் 1956 மே 28-இல் கையெழுத்திட்ட ஒப்படைப்பு ஒப்பந்தம், பாரிஸின் நேரடிப் பணிப்பிரிவைச் சேர்ந்த அதிகாரிகளைத் தவிர மற்ற எல்லா ஊழியர்களையும் இந்திய அரசு எடுத்துக்கொள்ளும் என்றது. சம்பளம், விடுப்பு, பென்சன் எல்லாம், நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்த 1954 நவம்பர் 1-க்கு முன் இருந்தபடி. ஐந்தாவது பதிலில் பார்த்த படேலின் உறுதிமொழியை இதில் அப்படியே அடையாளம் காணலாம். இன்றும் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பென்சன் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களும் அவர்களின் மனைவியரும். அது வேறு கணக்கு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எங்கள் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து போய் மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர். பழைய பென்சன் காகிதம் இருக்கிறது. எங்களுக்கு ஏதாவது வருமா?

‘மலாயன் பென்சனியர்’ வீடு இல்லாத யாழ்ப்பாண ஊர் குறைவு என்றே சொல்லலாம். அந்தப் பென்சன் மலாயா அரசின் கஜானாவிலிருந்து வந்தது. பிரிட்டன் பின்னாளில் ஏற்றுக்கொண்டது தான் நியமித்து அனுப்பிய அதிகாரிகளின் பென்சனைத்தான், இவர்களுடையதை அல்ல.

இத்தகைய பென்சன் அவர் காலத்தோடு முடியும். விதவை, அநாதைகள் நிதிக்குச் சம்பளத்தில் பிடித்திருந்தால், மனைவிக்கும் உரிய வயதுவரை பிள்ளைகளுக்கும் போகும். இலங்கையில் 1898 முதல் இருக்கும் அதே வகை நிதிதான். பேரப்பிள்ளைகளுக்கு உரிமை கிடையாது. வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பாட்டி உயிரோடு இருந்து, பென்சன் பாதியில் நின்றிருந்தால் மட்டும், பென்சன் எண்ணோடு மலேசிய அரசின் ஓய்வூதியப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள்.

காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள். சேர்ந்த தேதி, பதவி, சம்பள நிலை, கடைசியாக வேலை பார்த்த நிலையம் எல்லாம் அதில் இருக்கும். அரசிதழ்களிலும் காலனி அரசுகள் ஆண்டுதோறும் லண்டனுக்கு அனுப்பிய நீலப் புத்தகங்களிலும் அவர் காலத்து ஊழியர் விவரங்களைத் தேட அந்தத் தேதிகள் போதும்.